செங்கல் மேல் ஆறு நட்சத்திரங்கள்

ஜூலை 3

பாசமுள்ள அக்காவுக்கு,

வால் எழுதுவது. இங்கே எல்லோரும் ஈரமாக, ஆனால் சௌக்கியமாக இருக்கிறோம். நீ அங்கே காய்ந்தபடி சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். போன் இல்லை. 'கனமழை காரணமாக நாளை பள்ளி விடுமுறை' என்று தலைமையாசிரியை எழுதுவது மாதிரியே பள்ளிக் குழுவில் ஒரு செய்தி போட்டேன். வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. அப்படியும் பள்ளிக்கூடமே நம்பி வீட்டில் படுத்துக்கொண்டது. நம்பாமல் வந்து சேர்ந்த ஒரே ஆள் தலைமையாசிரியை. அப்பா என் போனைப் பிடுங்கி மோட்டார் ரூம் இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டார். மழைக்காலம் முடிந்தால்தான் விடுதலையாம். "அக்காகிட்ட பேசணும்னா லெட்டர் எழுது. கையெழுத்தாவது திருந்தும்." கையெழுத்து திருந்திவிடும். கைக்குச் சொந்தக்காரியைப் பற்றி நான் வாக்குக் கொடுக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஊருக்கு ஊர் மேட்டுக்குடி என்று ஒரு கூட்டம் இருக்குமாம். நம் ஊரில் அந்த வம்பே இல்லை, மேடே இல்லை. தெரு நடுவில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் எந்தப் பக்கம் உருளுவது என்று தெரியாமல் அது அப்படியே நிற்கிறது. தண்ணீரும் அதே ஜாதி. வரும், நிற்கும், யாராவது பிடித்துத் தள்ளினால்தான் போகும். தள்ளுவதற்கு இருப்பது நம் அப்பாவும் அவரைவிட வயதான ஒரு டீசல் மோட்டாரும். இரண்டும் இப்போது ஒரே மாதிரி இருமுகின்றன.

நகராட்சிக்கு இரண்டு புது மோட்டார் வந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆபரேட்டர். எந்தத் தெருவுக்கு என்று எஞ்சினியரிடம் கேட்டேன். "சேட்டிலைட் வரைபடத்துல எந்தத் தெரு நீலமா இருக்கோ அதுக்கு. அக்டோபர் கடைசி வரைக்கும் பார்ப்போம்" என்றார். அந்த வரைபடம் போடுவது சாட்சாத் நீ. போன வருஷம் கட்டில் காலை முழுங்கின தண்ணீருக்கு நீ நம் தெருவுக்கு அடித்த நிறம் வெள்ளை. வெள்ளம் வந்தும் வெள்ளை. ஒரு சொட்டு நீலம் போடு அக்கா. வேட்டிக்கே போடுகிறோம், வீட்டுக்குப் போடக் கூடாதா?

அம்மா வழக்கம்போல் கட்டிலுக்கும் பீரோவுக்கும் அடியில் கொடுக்கச் செங்கல் சேர்க்க ஆரம்பித்துவிட்டாள். அப்பா தூங்குகிறார்.

நனையாத உன் கைகளுக்கு முத்தம்,
வால்


ஜூலை 14

அன்பு வாலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. கழுத்துதான் திரையைப் பார்த்துப் பார்த்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது.

என் அறையைச் சொல்கிறேன், பொறாமைப்படாதே. மூன்றாம் மாடி. ஜன்னல் உண்டு, திறக்காது. மழை பெய்கிறதா என்பதைச் சுவரில் உள்ள திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்து மேஜைக்காரரை எல்லோரும் கொட்டாவி என்று கூப்பிடுகிறோம். அவர் ஆரம்பித்தால் ஆபீசர் வரை சுற்றி வரும்.

நீலம் கையால் அடிப்பதில்லை. மேகத்துக்கு மேலிருந்து பார்த்தால் மேகம்தான் தெரியும் என்பதால் இந்தச் சேட்டிலைட் பார்ப்பதில்லை, கேட்கிறது. ஓர் அலையை அனுப்பிவிட்டு, எது எவ்வளவு திரும்பி வருகிறது என்று காது கொடுக்கிறது. தேங்கிய தண்ணீரில் பட்ட அலை வழுக்கி வேறு பக்கம் போய்விடும். அந்த இடம் படத்தில் கறுப்பாக விழும். கறுப்பு என்றால் தண்ணீர், கம்ப்யூட்டர் நீலம் அடிக்கும். நம் தெருவில் என்ன நடக்கிறது தெரியுமா? தண்ணீரில் வழுக்கின அலை வீட்டுச் சுவரிலும், கொல்லைப்புறத்துக் கோரையிலும் முட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுகிறது. தண்ணீர் ஏற ஏற நம் தெரு இன்னும் பளபளவென்று தெரியும். கம்ப்யூட்டர் 'காய்ந்த தெரு' என்று எழுதிவிடும்.

எனக்குத் தெரியும், நான் அங்கே பிறந்தவள் என்று ஆபீசரிடம் சொன்னேன். "அதனாலதாம்மா உங்க வார்த்தையை எடுத்துக்க முடியாது. உங்க தெருவுக்கு நீங்க நீலம் அடிச்சா, எங்க தெருவுக்கு நான் அடிக்க மாட்டேனா? படம் சொல்லட்டும்" என்றார். கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. நியாயமாகத்தான் பேசுகிறார்.

படம் பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவை, விடிகிற நேரத்தில் விழும். கிழக்கே இருந்தபடி மேற்கைப் பார்த்துக்கொண்டு போகும். மூன்று தகடுகள் ஒரு மூலையில் கூடுகிற மாதிரி ஏதாவது அதற்கு எதிரே இருந்தால் அனுப்பினதை அப்படியே திருப்பிக் கொடுக்கும், நட்சத்திரம் மாதிரி தெரியும். சின்னப் படகுகளில்கூட அதைக் கட்டி வைப்பார்கள். நம்மிடம் கட்ட என்ன இருக்கிறது.

அப்பாவின் கால் வீக்கம் எப்படி? போனில் கேட்டால் "ம்", "நல்லா இருக்கேன்", "வெக்கிறேன்" என்ற மூன்றில்தான் ஒன்று கிடைக்கிறது. நீ சரியாக எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல், எல்லோரையும்.
அக்கா


ஆகஸ்ட் 2

மேலிருந்து கேட்கும் அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு, ஏனென்றால் அடுத்த படம் விழுகிற அன்று உனக்குக் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கும்.

அதற்கு மேல் எழுதமாட்டேன். நம் வீட்டுக் கொல்லைப் பக்கம் மட்டும் ஒரு கண் வை. மோட்டார் ரூமுக்குத் தளம் போட்டபோது கூரையிலிருந்து கழற்றிப்போட்ட பழைய தகரம் வீணாகக் கிடந்தது. வீணாக எதுவும் கிடக்கக் கூடாது என்று அம்மா சொல்வாள் இல்லையா. கிழக்கு எந்தப் பக்கம் என்று சூரியனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அப்பாவின் கால் இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கின்றன. அவர் தூங்குகிறார்.

இப்படிக்கு, ஒன்றும் செய்யாத
வால்


ஆகஸ்ட் 12

வாலு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை. இருந்தாலும் விசாரித்ததாக வைத்துக்கொள்.

எட்டாம் தேதி படத்தைத் திறந்த கொட்டாவி, வாழ்க்கையில் முதல்முறையாக வாயைப் பாதியில் மூடினார். "இங்க பாருங்க, கோரைக்காட்டு நடுவுல என்னமோ மின்னுது. புதுசா டவர் கட்டறாங்களா?" ஆபீசர் வந்தார். இன்னொருவர் வந்தார். ராணுவத்துச் சாமான் என்று ஒருவர், விழுந்த விமானம் என்று ஒருவர். நான் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் மோட்டார் ரூம், மறுபக்கம் தையல்காரர் வீடு. நடுவில் நம் கொல்லை. அங்கே ஊரைக் கூப்பிடுகிற வெளிச்சத்தில் ஒரே ஒரு புள்ளி.

மூன்றாம் மாடியிலிருந்து உன் காது எட்டவில்லை. எட்டியிருந்தால் இப்போது கையோடு வந்திருக்கும். "எங்க வீட்டுச் சின்னது சார்" என்று எழுந்து நின்று சொன்னேன். ஆபீசர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "தகரம்தானே? தண்ணிக்குள்ள போயிட்டா தெரியாதில்ல?" என்றார். அதைத்தான் நானும் அப்போது யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதனால் இதைக் கவனமாகப் படி. இதே மாதிரி ஆறு செய். ஆறு வீட்டுக் கொல்லையில் கோரையை அறுத்து, சின்னக் குழி வெட்டி, மேல் விளிம்பு முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் பதித்து வை. முகம் கிழக்கே. தண்ணீர் முழங்காலைத் தாண்டினால் தகரம் மூழ்கும். படத்தில் நட்சத்திரம் அணையும். கறுப்பாகாத தெருவில் தண்ணீரைக் காட்ட வேறு வழி இல்லை. "அணைஞ்சா நீலம். அணையலைன்னா இனிமே இந்தத் தெருப் பேச்சே எடுக்கக் கூடாது" என்று ஆபீசர் முடித்துவிட்டார்.

இது விளையாட்டு இல்லை. அப்பாவுக்கு ஒரு துணை ஆள் வருவது இதில் இருக்கிறது.

கோபம் பாதி போன
அக்கா


ஆகஸ்ட் 24

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறும் ஆயிற்று. காதுகள் இரண்டும் பத்திரம், விசாரித்ததற்கு நன்றி.

கணக்கு டீச்சர் வீட்டில்தான் முதலில் வைத்தேன். ரிட்டயர் ஆனாலும் மூலைமட்டத்தைக் கையைவிட்டு இறக்கவில்லை. "தொண்ணூறுக்கு ஒண்ணு குறைஞ்சாலும் மார்க் கிடையாது" என்று தகரத்தைத் தட்டித் தட்டி நிமிர்த்திவிட்டார். தையல்காரர், "இதுல துணி காயப்போடலாமா?" என்றார். கூடாது என்றேன். "அப்ப இதனால என்னதான் பிரயோஜனம்?" "வானத்திலேர்ந்து அக்கா பார்க்கும்." மனிதர் அதிலிருந்து கொல்லைக்குச் சட்டை போட்டுக்கொண்டுதான் போகிறார். ரொட்டிக்கடைக்காரர் தன்னுடையதைத் தினமும் துடைக்கிறார். எல்லாரிடமும் நீ சொன்ன மாதிரியே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: அக்கா ஆபீஸ் சாமான், பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், கிழக்கு முகம் ஒரு இம்மிகூடத் திரும்பக் கூடாது. தலையாட்டினார்கள். நம் தெருவில் பொறுப்புக் கொடுத்தால் போதும், உயிரையே வைத்துவிடுவார்கள்.

முதலில் செய்த தகரத்தைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டேன், ஏழாவதாக அது மிச்சம். அதற்கு இன்னும் வேலை கொடுக்கவில்லை.

அப்பா உனக்கு நாலு வரி சொல்கிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்:

'பெரியவளுக்கு. நல்லா இருக்கேன். தகரம் நல்லா வந்திருக்கு. துருப்பிடிக்காம இருக்க எண்ணெய் தடவிட்டேன். வெக்கிறேன்.'

கடிதத்தையும் வைக்கிறார் பார்த்தாயா. சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார்.

மின்னிக்கொண்டே இருக்கும்
வால்


செப்டம்பர் 15

அன்பு வாலுக்கு,

எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? இந்த வாரம் முழுக்க அப்பா போனும் எடுக்கவில்லை. டவர் விழுந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள்.

மழையளவைப் பார்த்தேன். பக்கத்து வாய்க்கால் உடைந்ததையும் பார்த்தேன். பதின்மூன்றாம் தேதிப் படத்துக்காக முந்தின நாளே வந்து உட்கார்ந்திருந்தேன். கொட்டாவிகூட முழித்திருந்தார். படம் திறந்தது. ஆறு நட்சத்திரமும் எரிகின்றன. முன்பைவிட இன்னும் பிரகாசமாக.

ஆபீசர் எழுந்து வந்தார். என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார். "சந்தோஷப்படுங்கம்மா, உங்க வீட்ல தண்ணி ஏறலை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஏறவில்லையா வாலு? சந்தோஷப்படலாமா? அப்படியானால் பட்டுவிடுகிறேன். அதற்குக்கூட இப்போது சக்தி இல்லை. படம் சொன்னது சொன்னதுதான்.

இன்னொன்று. போன கடிதத்தைப் பிரித்தவுடன் டீசல் வாடை வந்தது. கடிதத்தின் ஓரத்தில் கிரீஸ் விரல். அப்பாவின் விரல் அகலம் எனக்குத் தெரியும். அது அப்பாவின் விரல் இல்லை. நான் பிறந்ததிலிருந்து அப்பா பகலில் தூங்கினதும் இல்லை.

பதில் எழுது.
அக்கா


செப்டம்பர் 22

அக்கா,

நாங்கள் நலம், தொடைக்கு மேல். தொடைக்குக் கீழே எல்லாம் தண்ணீர்.

ஏறிற்று. பதின்மூன்றாம் தேதி காலையில் நம் வீட்டு நடுக்கூடத்தில் செருப்பெல்லாம் ஊர்வலம் போயின. என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன், சிரிக்காதே, அழவும் வேண்டாம்.

தண்ணீர் வாசல்படிக்கு வந்ததும் நம் தெருவில் என்ன செய்வார்கள்? யாரும் யாருக்கும் சொல்ல வேண்டாம். கட்டிலுக்கு நாலு செங்கல், பீரோவுக்கு எட்டு, காஸ் சிலிண்டருக்கு மூன்று. தூங்குகிறவனைத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டுக் கட்டிலைத் தூக்குவார்கள். அன்றைக்கும் அதே கை, அதே செங்கல். கடைசியில் கொல்லையைப் பார்த்தார்கள். பெரிய பெண்ணின் ஆபீஸ் சாமான் நனைகிறது. பத்திரம் என்று வேறு சொல்லியிருக்கிறது.

ஆறு வீட்டிலும் ஆறு பேர் தண்ணீரில் இறங்கித் தகரத்தைக் குழியிலிருந்து பிடுங்கி, செங்கல் அடுக்கி, இடுப்பு உயரத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். முகம் திரும்பிவிடுமோ என்ற பயம் வேறு. கணக்கு டீச்சர் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கிழக்கைச் சரிபார்த்திருக்கிறார். ஒரு இம்மி பிசகவில்லை. அவர் கொடுத்த மார்க்தான் உன் படத்தில் எரிந்தது. கோடி ரூபாய் சேட்டிலைட்டுக்கு நம் தெரு செங்கல் வைத்தே தண்ணி காட்டிவிட்டது.

முதலில் தூக்கினது யார் என்று விசாரித்தேன். அம்மா. "ஏம்மா, அது முழுகறதுக்குத்தானே வெச்சது?" என்றேன். "முழுகறதுக்குன்னு யாராவது சாமான் வாங்குவாங்களாடி? பெரியவ பேர் இருக்கு அதுல. பார்த்துட்டு நிக்கச் சொல்றியா?" நான் பக்கத்தில் இருந்திருந்தால் தடுத்திருப்பேன். நான் வீட்டில் இல்லை. எங்கே இருந்தேன் என்பது இந்தக் கடிதத்தில் இடம்பெறாது.

டீசல் வாடைக்குக் காரணம் தபால்காரர் வண்டி. கிரீஸ் விரலுக்கும் அவரே.

ஆபீசரிடம் சொல்வாயா அக்கா? தண்ணீர் நிஜமாகவே ஏறிற்று என்று?

அப்பா தூங்குகிறார்.
வால்


அக்டோபர் 5

மதிப்பிற்குரிய வரைபட அலுவலர் அவர்களுக்கு,

தாங்கள் நலமாக இருக்கக் கடவீர்கள்.

நகராட்சி வாசல் பலகையில் செப்டம்பர் மாத வெள்ள வரைபடம் ஒட்டப்பட்டுள்ளது. எங்கள் தெரு வெள்ளை. கீழே, பதினாறாம் தேதி போட்ட சிறு கையெழுத்து ஒன்று உள்ளது. சிறு வயதில் என் முன்னேற்ற அறிக்கையில் அப்பா கையெழுத்தைப் போட்டுக்கொடுத்த அதே கை. எனக்கு அந்தச் சுழி நன்றாகத் தெரியும்.

'ஏறவில்லையா, சந்தோஷப்படலாமா' என்று பதினைந்தாம் தேதி கேட்டிருந்தீர்கள். பதில் வருகிற வரை காத்திருக்கவில்லை. வந்த பிறகும் பதில் போடவில்லை.

வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
காய்ந்த தெருவாசி


அக்டோபர் 10

வாலு,

திட்டியதில் தப்பில்லை. மரியாதையாகத் திட்டியதுதான் வலித்தது.

பதினாறாம் தேதி மாதப் படம் போயாக வேண்டும். ஆறு நட்சத்திரம் எரிகிற தெருவை நீலமாக்க என்னிடம் கண் இல்லை, காது இல்லை, உன் கடிதமும் இல்லை. போட்டேன். வெள்ளை என்று தெரிந்து போடவில்லை, நீலம் என்று நிரூபிக்க முடியாமல் போட்டேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டா என்று யோசித்துக்கொண்டேதான் உனக்குப் பதில் எழுதாமல் இருந்தேன். இன்னும் யோசித்து முடிக்கவில்லை.

உன் கடிதத்தை ஆபீசரிடம் படித்துக் காட்டினேன். செங்கல் கதை வந்ததும் சிரித்தார். அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் ஊரிலும் செங்கல்தானாம். "ஆனா கதையை வரைபடத்துல ஒட்ட முடியாதேம்மா" என்றார். இறுதிப் படம் இன்னும் முடியவில்லை. பத்தொன்பதாம் தேதி ஒரு தடவை சேட்டிலைட் தாண்டும். கடலில் காற்றழுத்தம் கிளம்பியிருக்கிறது. மழை அதற்குள் வந்துவிடும் என்று கணக்கு சொல்கிறது. நம் தெரு நனைய வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்கிறேன், பார், என் பிழைப்பை.

இந்த முறை ஒன்றே ஒன்றுதான் செய்ய வேண்டும். எதுவும் செய்யக் கூடாது. தண்ணீர் ஏறும்போது தகரத்தை யாரும் தொடக் கூடாது. அம்மாவிடம் நீதான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் பாசத்தில் இன்னும் இரண்டு செங்கல் சேர்த்து வைப்பாள்.

இனி அப்பா தூங்குகிறார் என்று எழுதாதே. மோட்டாரை ஓட்டுவது நீ. எவ்வளவு நாளாக என்று மட்டும் சொல்.

காத்திருக்கும்,
அக்கா


அக்டோபர் 20

என் அக்காவுக்கு,

மூவரும் உயிரோடு, ஒரே இடத்தில், ஒரே போர்வையில் நலம். தபால்காரர் எப்போது வருவாரோ, தண்ணீர் வடிந்தால்தான் அவர் சைக்கிளுக்குச் சக்கரம் இருப்பது தெரியும்.

கேட்டதற்குப் பதில்: ஜூலையிலிருந்து. அப்பாவின் கால் இரண்டும் தண்ணீரில் நின்று நின்று புண்ணாகி, செருப்பு நுழையவில்லை. தண்ணீரில் கால் வைத்தால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நகராட்சிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் அவர் மோட்டார் ரூம் கட்டிலில் உட்கார்ந்து "இப்பத் திற, இப்ப மூடு" என்பார், நான் கைப்பிடியைச் சுற்றுவேன். பள்ளிக்கூடத்தில் நான் தூங்குவதைக் கண்டுபிடித்து டீச்சர் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார். தூங்குகிறார் என்றேன். குடும்ப வியாதி என்று நினைத்திருப்பார். போன் பறிபோனதும் ஒரு வகையில் நல்லதுதான். போனில் என் குரல் பொய் சொன்னால் நீ கண்டுபிடித்துவிடுவாய். எழுத்துக்கு முகம் கிடையாது என்று நினைத்தேன். வாடை உண்டு என்று தெரியாமல் போயிற்று.

இனி பதினெட்டாம் தேதிக் கதை. வீடு வீடாகப் போய் முன்பே சொல்லிவிட்டேன். "தொடக் கூடாதா? சும்மா பார்த்துக்கிட்டே இருக்கணுமா?" என்று தையல்காரர் நாலு தடவை கேட்டார். ரொட்டிக்கடைக்காரர், "என் கையைக் கட்டிப்போட்டுட்டுப் போம்மா, அதுதான் நல்லது" என்றார். நிஜமாகவே அவர் வீட்டு மாமி அவர் கையை முந்தானையில் முடிந்துகொண்டு நின்றாள். கணக்கு டீச்சர் மட்டும், "மூழ்குறதையாவது நேரா மூழ்கட்டும்" என்று கடைசியாக ஒரு தட்டுத் தட்டி நிமிர்த்தினார்.

சாயங்காலம் தண்ணீர் ஏறிற்று. நான் மோட்டாரை விட்டு ஓடி வந்து பார்த்தால் நம் வீட்டுத் தகரம் மறுபடியும் செங்கல் மேல். அம்மா பக்கத்தில் நிற்கிறாள். எனக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை.

"தெரியும்டி. கை தானா போயிடுச்சு" என்றாள்.

சொல்லிவிட்டுக் குனிந்தாள். ஒரு செங்கலை உருவினாள். தகரம் ஒரு படி இறங்கிற்று. இன்னொன்று. உருவின செங்கலை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டாள். பழக்கம், செங்கல்கூட நனையக் கூடாது. கடைசிக் கல்லில் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டே நின்றாள். "கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து எல்லாத்தையும் தூக்கித் தூக்கி வெச்சாச்சு. இது ஒண்ணாவது முழுகட்டும்" என்று உருவிவிட்டாள். தகரம் குழிக்குள் போய் உட்கார்ந்தது. அப்பா தடவின எண்ணெய் மட்டும் மேலே வந்து வட்டமாக மிதந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் நிற்க முடியவில்லை. மோட்டார் ரூமுக்கு வந்துவிட்டோம். ஏழாவது தகரத்துக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். என்ன என்று எழுதமாட்டேன். நேற்று விடியும்போது நீயே பார்த்திருப்பாய்.

வாடையோடு,
வால்


அக்டோபர் 21

அன்பு வாலுக்கு,

உன் கடிதம் எங்கோ வழியில் நனைந்துகொண்டிருக்கும். அதற்கு முன்னால் உன் பதில் வந்துவிட்டது.

ஆறும் அணைந்துவிட்டன. தையல்காரர் வீடு, டீச்சர் வீடு, ரொட்டிக்கடை, ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நம் கொல்லையைக் கடைசியில்தான் பார்க்கத் துணிச்சல் வந்தது. அதுவும் இல்லை. நம் வீடு இருக்கிற இடத்தில் அந்த வெளிச்சம் இல்லாததைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டியிருந்தது எனக்கு. அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைத்தாய்?

"காத்துல பறந்திருக்கலாம், எவனாவது தூக்கிட்டுப் போயிருக்கலாம்" என்றார் ஆபீசர். அது அவர் வேலை, கேட்கத்தான் வேண்டும். நான் பதில் சொல்வதற்குள் கொட்டாவி திரையில் விரலை வைத்தார். "சார், அப்ப இது ஏன் பறக்கலை?"

மோட்டார் ரூம் மொட்டை மாடியில், இதுவரை எந்தப் படத்திலும் இல்லாத இடத்தில், ஒரு நட்சத்திரம். எண்ணெய் போட்டுத் துடைத்த மாதிரி.

ஆபீசர் குனிந்து அதைப் பார்த்தார். "அங்க யாரும்மா இருக்கா?" என்றார். "எல்லாரும் சார்" என்றேன். நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, "அடிங்க" என்றார்.

அடித்துவிட்டேன். தெரு முழுக்க நீலம். மோட்டார் நவம்பரில்தான் வரும், ஆள் அதற்கும் பிறகு வருவார். அதுவரை இருக்கிறதை வைத்துத்தான் தள்ள வேண்டும். லீவு கேட்டிருக்கிறேன். ரயில் எந்த ஊர் வரை போகிறதோ அதுவரை ரயில், மிச்சம் நடை. கைப்பிடியை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று மறந்துவிட்டது, வந்ததும் சொல்லிக்கொடு. சிரிக்காமல் சொல்லிக்கொடு.

கையெழுத்துப் போட்ட பிறகு மேஜையிலேயே தலையைச் சாய்த்தேன். விழித்தபோது யாரோ விளக்கை அணைத்திருந்தார்கள். நான் தூங்கியாயிற்று. அடுத்து உன் முறை.

அப்பாவிடம் மோட்டாரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல். நீ இத்தனை மாதம் எழுதினதை அவர் ஒரு நாளாவது நிஜமாக்கட்டும். நான் வரும்போது எழுப்ப வேண்டாம்.

அக்கா